பிடித்ததை விடாத பிரேக்

தில்லியில் மழைக்காலத்துக் காலைப் பொழுது ஒன்று. மோதி பாக் மேம்பாலத்தின் இறக்கத்தில் ஓர் ஆய்வு மாணவரின் மோட்டார் சைக்கிள், அவர் பிரேக் லீவரைத் தொடாமலே வேகம் குறைந்தது. இறக்கத்தில் தானாக உருள வேண்டிய வண்டி, ஆக்சிலேட்டரை முறுக்கினால்தான் நகரும் என்ற நிலைக்கு வந்தது. பின்னிருக்கையில் அதே ஆய்வு மையத்தைச் சேர்ந்த, அவரினும் மூன்றாண்டு இளைய மாணவி ஒருவர் இருந்தார். ஜன்பத் சாலையிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு இருவரும் போய்க்கொண்டிருந்தனர். கருகிய வாடையை முதலில் உணர்ந்து சொன்னவர் அந்த மாணவிதான். வண்டியை இடப்பக்கம் ஒதுக்குவதற்குள் முன்சக்கரம் ஏறத்தாழ முழுவதும் இறுகிவிட்டது. பின்னால் வந்த பேருந்து ஒன்று ஒலிப்பானை அலறவிட்டபடி மிக நெருக்கத்தில் விலகிச் சென்றது.

இருவரும் இறங்கினர். முன்சக்கரத்தின் டிஸ்க்கிலிருந்து அனல் எழுந்துகொண்டிருந்தது. மழைத்துளி பட்ட இடத்தில் சீறல் கேட்டது. வழிப்போக்கர் ஒருவர் தண்ணீர் ஊற்றச் சொன்னார். காய்ந்த டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிப்போகும் என்று மட்டும் அந்த ஆய்வு மாணவருக்குத் தெரிந்திருந்தது, வேறொன்றும் தெரிந்திருக்கவில்லை. மாணவி சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, "அண்ணா, நீங்க வண்டியப் பாருங்க. நான் ஆட்டோல போயிடறேன்" என்று சொல்லிப் புறப்பட்டார். அன்று முதல் அவர் பேருந்தில் காப்பகம் செல்லத் தொடங்கினார். குறை எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

பதினோரு ஆண்டு பழைய, 150 சிசி வண்டி அது. விடுதியில் முன்னர் இருந்த மூத்த மாணவர் ஒருவர் தில்லியை விட்டுச் செல்லும்போது விற்றுவிட்டுப் போனது. அவருக்கு முன் இன்னொருவரிடம் இருந்தது. கோடையில் மூன்று மாதங்கள், ஆவணங்கள் தேடி அவர் கொல்கத்தாவில் தங்கியிருந்தபோது, வண்டி விடுதி வாசல் வேப்பமரத்தடியில் புழுதியிலும் பின்னர் மழையிலும் நின்றது. திரும்பிவந்து தள்ளிப் பார்த்தபோதே முன்சக்கரம் சற்றுக் கனமாக உருண்டது. அதை அவர் பொருட்படுத்தவில்லை என்று சொல்ல முடியாது. பொருட்படுத்தி ஒரு காரியம் செய்தார். அதைப் பற்றிப் பின்னால் வரும்.

டிஸ்க் பிரேக்கின் அமைப்பை அறிந்தவர்களுக்கும் அதில் ஒரு சிறு வியப்பு மறைந்திருப்பது பெரும்பாலும் தெரிவதில்லை. டிரம் பிரேக்கில், மிதியை விட்டதும் கட்டைகளைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் உண்டு. டிஸ்க் பிரேக்கின் காலிப்பருக்குள் அப்படி எந்த ஸ்பிரிங்கும் இல்லை. லீவரை அழுத்தினால் பிரேக் ஆயிலின் அழுத்தம் பிஸ்டனை முன்னே தள்ளுகிறது. பிஸ்டன் பேடைத் தள்ளுகிறது. பேட் டிஸ்க்கைக் கவ்வுகிறது. லீவரை விட்டால் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது எது? ஆயில் கசியாமல் இருக்கப் பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட்டிருக்கிறார்களே, அந்த சீல்தான். அதன் குறுக்குவெட்டு வட்டமாக இராது, சதுரமாக இருக்கும். அது உட்கார்ந்திருக்கும் பள்ளத்தின் ஒரு விளிம்பு சற்றுச் சரிவாகச் சீவப்பட்டிருக்கும். பிஸ்டன் முன்னே போகும்போது வளையம் அதைப் பற்றிக்கொண்டே அந்தச் சரிவுக்குள் வளைகிறது. அழுத்தம் நீங்கியதும் தன் பழைய வடிவுக்கு மீள்கிறது. மீளும்போது பிஸ்டனையும் கூடவே இழுத்துக்கொள்கிறது. இழுக்கும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் ஏதோ சில பத்திலொரு பங்கு. டிஸ்க்குக்கும் பேடுக்கும் இடையே அவ்வளவு இடைவெளி போதும். பேட் தேயத் தேய, பிஸ்டன் வளையத்துக்குள் சற்றே வழுக்கி முன்னேறி, அங்கேயே புதிய இருப்பிடம் கொள்கிறது. ஆகவேதான் டிஸ்க் பிரேக்கை யாரும் முடுக்கித் தருவதில்லை. ஆயில் கிண்ணத்தின் மட்டம் மட்டும் மெல்ல இறங்கிவரும்.

அடைப்பது, விடுவிப்பது என்ற இரண்டு வேலைகளும் ஒரே ரப்பர் வளையத்தின் தலையில் விழுந்திருக்கின்றன. வளையம் ஊதிப்போனாலோ, காய்ந்து இறுகினாலோ, அதன் அடியில் அழுக்குச் சேர்ந்து அதைப் பிஸ்டன்மீது அழுத்தினாலோ, கசிவு ஏற்படாது. பிரேக்கும் நன்றாகவே பிடிக்கும். விடாது, அவ்வளவுதான். பேட் உரசிக்கொண்டே இருக்கும், சூடேறும்.

நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சேவை மையம் ஒன்றில் மூன்றே நிமிடங்களில் தீர்ப்புச் சொன்னார்கள். காலிப்பரை முழுவதுமாக மாற்ற வேண்டும். விலை நான்காயிரத்துச் சொச்சம். வருவதற்குப் பத்து நாள் ஆகும். சீல் மட்டும் கிடைக்குமா என்று அவர் கேட்டார். கணினியைத் திருப்பிக் காட்டினார் அங்கிருந்த இளைஞர். படத்தில் காலிப்பர் ஒரே எண்ணுடன் ஒற்றைப் பொருளாக இருந்தது. அதற்குள் பிஸ்டன் இருப்பதாகவோ, பிஸ்டனைச் சுற்றி வளையம் இருப்பதாகவோ அந்தப் பட்டியல் ஒப்புக்கொள்ளவே இல்லை. இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். பட்டியலில் எண் இல்லாத ஒன்றை அவரால் எப்படி வரவழைக்க முடியும்?

ஆய்வு மாணவருக்கு உதவித்தொகையின் ஐந்தாண்டுக் காலம் முடிந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. ஆறாம் ஆண்டில் இருக்கும் ஆய்வாளர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது இதைப் படிப்பவர்களுக்கு விளக்க வேண்டிய செய்தி அன்று. மொழிபெயர்ப்பு, மெய்ப்புப் பார்த்தல், நண்பர்களிடம் கைமாற்று. நான்காயிரம் ரூபாய் என்பது ஒரு மாத மெஸ் கட்டணத்தைத் தாண்டிய தொகை.

இரவில் அவர் சட்டங்களைப் படித்தார். படித்தவர்களுக்கு வாய்த்த ஆறுதல் அது. 2014 ஆகஸ்டு 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகங்கள் வெளிச்சந்தையில் தாராளமாகக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. 2022 ஜூலையில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஆராய ஒரு குழு அமைத்தது; அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனங்களும் ஒன்று. அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று அதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. உரிமை எந்த நிலையில் இருக்கிறது என்பது அவருக்கு ஓரளவு விளங்கிற்று. முன்சக்கரம் இறுகியபடியே இருந்தது.

கட்வாரியா சராயில், வரிசையாக அறைகள் வாடகைக்கு விடும் கட்டடம் ஒன்றின் கீழே, படிக்கட்டுக்கு அடியில் ஒரு பட்டறை உண்டு. அதை நடத்துபவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எல்லோரும் உஸ்தாத் என்றே அழைப்பார்கள். அவர் வண்டியைச் சுற்றிவந்து பார்க்கவில்லை. நேராகக் காலிப்பரின் அருகே குந்தினார். லீவரை நான்கைந்து முறை அழுத்தச் சொன்னார். சக்கரம் இறுகியது. பிறகு, காற்று எடுக்கும் நிப்பிளில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி, ஸ்பேனரால் கால் திருப்புத் திருப்பினார். ஆயில் சற்று வழிந்தது. சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். அது அப்போதும் இறுகியே இருந்தது.

"மேலே ஒன்றுமில்லை, பேட்டா. கீழேதான்" என்றார்.

ஆய்வு மாணவருக்கு இது புரிய ஒரு கணம் ஆயிற்று. நிப்பிளைத் திறந்ததும் காலிப்பருக்குள் இருக்கும் அழுத்தம் போய்விடுகிறது. அப்போது சக்கரம் விடுபட்டால், அழுத்தம் திரும்பிப் போக வழியின்றி மேலே எங்கோ அடைபட்டிருந்தது என்று பொருள்: மாஸ்டர் சிலிண்டரின் சிறு துவாரம் அடைத்திருக்கலாம், அல்லது பழைய ஹோஸ் உட்புறம் ஊதி ஒருவழிக் கதவுபோல் ஆகியிருக்கலாம். அழுத்தம் போன பின்னும் சக்கரம் விடுபடவில்லையென்றால் குற்றம் காலிப்பரிலேயே இருக்கிறது. கால் திருப்பில், இரண்டு கருதுகோள்களில் ஒன்று விழுந்துவிட்டது. சேவை மையமும் இதே முடிவைத்தான் சொன்னது. ஆனால் சோதித்து அல்ல. முழுக் காலிப்பரையும் மாற்றுபவருக்கு அதற்குள் எது கெட்டது என்று அறியும் தேவை இல்லை.

பிஸ்டன்களை வெளியே எடுக்க உஸ்தாத் காற்றழுத்தக் குழாயைப் பயன்படுத்தவில்லை. அப்படிச் செய்து, தோட்டாபோல் பாய்ந்த பிஸ்டனில் விரல் நசுங்கியவர்களை அவர் பார்த்திருக்கிறார். காலிப்பரை முன்ஃபோர்க்கிலிருந்து கழற்றி, ஹோஸைக் கழற்றாமலே, பேடுகளை எடுத்துவிட்டு, லீவரை மெல்ல அழுத்திக்கொண்டே போனார். இரண்டு பிஸ்டன்களில் ஒன்று முன்னே வந்தது, மற்றொன்று அசையவில்லை. வந்ததை ஒரு மரத்துண்டால் தடுத்து நிறுத்தி மற்றதை வரவழைத்தார். வண்டியின் சொந்த அழுத்தத்தைக் கொண்டே அதன் பிஸ்டனைப் பிடுங்கும் இந்த முறை, வேகம் குறைந்தது. ஆனால் எந்தப் பிஸ்டன் எவ்வளவு பிடிவாதமாக இருக்கிறது என்பதைக் கைக்குச் சொல்லிவிடுகிறது.

பழைய வளையங்களை மூங்கில் குச்சியால் நெம்பி எடுத்து, விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"கிரீஸ் யார் போட்டது?"

இதுதான் பின்னால் வரும் என்று சொன்ன செய்தி. ஜூலையில், வண்டி கனமாக உருண்டபோது, ஆய்வு மாணவர் ஒரு காணொளியைப் பார்த்தார். காலிப்பர் இரண்டு பின்கள்மீது நழுவும் வகையைச் சேர்ந்தது. அந்தப் பின்கள் காய்ந்துபோனால் பிரேக் இறுகும். மசகு இட வேண்டும் என்று அதில் சொன்னார்கள். அது சரியான அறிவுரையே. விடுதியில் சைக்கிள் சங்கிலிக்காக வைத்திருந்த சாதாரண கிரீஸ் டப்பா இருந்தது. பின்களுக்குப் போட்டார், ரப்பர் உறைகளுக்குள் நிரப்பினார், போதாதென்று, வெளியே தெரிந்த பிஸ்டன் விளிம்புகளிலும் தாராளமாகத் தடவினார். அன்று மாலை சக்கரம் இலேசாக உருண்டது. தன் கையால் ஒன்றைச் சரிசெய்துவிட்ட பெருமிதத்தில் விடுதி நண்பர்களுக்குத் தேநீர் வாங்கிக்கொடுத்தார்.

பிரேக் ஆயில் எண்ணெய் அன்று. கிளைகால் ஈதர் என்னும் வேதிப்பொருள் வகையால் ஆனது. பெட்ரோலியத்தோடு அதற்கு உறவில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பு உடையது. டாட் 4 என்று குறித்த புதுப் புட்டியிலிருப்பது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 டிகிரியாக இறங்கலாம். இந்தத் திரவத்தோடு ஒத்துப்போவதற்காகவே சீல்களை இ.பி.டி.எம். என்னும் ரப்பரால் செய்கிறார்கள். அந்த ரப்பருக்குப் பெட்ரோலிய எண்ணெயும் கிரீஸும் ஆகாது. பட்டால் உறிஞ்சி ஊதும். எஞ்சின் ஆயிலுக்கு ஏற்ற நைட்ரைல் ரப்பரோ பிரேக் திரவத்தில் கெடும். ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சு. ஆயில் என்று பெயர் வைத்துவிட்டதால், எல்லா ஆயிலும் அதற்கு உறவு என்று கை நினைத்துக்கொள்கிறது. சொற்களின் வரலாற்றைப் பற்றிப் பருவத் தேர்வுகள் எழுதிய ஒருவரை ஒரு பெயர்ச்சொல் ஏமாற்றியதைப் பற்றி உஸ்தாதுக்கு எந்தக் கருத்தும் இருக்கவில்லை. "கிரீஸ் போட்டவனுக்குச் சிலிக்கான் கிரீஸ் என்று ஒன்று இருப்பது தெரியவில்லை" என்று மட்டும் சொன்னார். போட்டவர் எதிரில் நிற்கிறார் என்பதை அவர் உணர்ந்துதான் சொன்னார் என்பது அவருடைய கண்ணில் தெரிந்தது. மாணவர் ஒப்புக்கொண்டார். உஸ்தாத் தலையை அசைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

ஆனால் கிரீஸ் மட்டும் குற்றவாளி அன்று. வளையங்களை எடுத்தபின் அவை இருந்த பள்ளங்களை அவர் காட்டினார். அடியில் வெண்மையான, சுண்ணாம்புபோன்ற படிவு கெட்டியாக ஒட்டியிருந்தது. ஈரம் புகுந்து அலுமினியம் அரித்ததன் எச்சம். மூன்று மாதத்தில் வந்ததல்ல, ஆண்டுக்கணக்கில் சேர்ந்தது. பழைய ஆயிலை எவரும் மாற்றவே இல்லை என்பதற்கு அது சான்று. வளையத்தைப் பின்னாலிருந்து பிஸ்டன்மீது நெருக்கிக்கொண்டிருந்தது இந்தப் படிவுதான். கிரீஸ் அந்த நெருக்கடியை முற்றவைத்தது. பல் மருத்துவர்கள் கையாளும் கொக்கிபோன்ற ஒரு கருவியால் உஸ்தாத் அதைச் சுரண்டத் தொடங்கினார். நாற்பது நிமிடங்கள் ஆயின. பள்ளத்தின் சரிவு விளிம்பில் கீறல் விழாமல் சுரண்ட வேண்டும். புதிய வளையம் போட்டுப் பள்ளத்தைச் சுத்தம் செய்யாமல் விட்டால், ஒரு மாதத்தில் வண்டி திரும்பி வரும் என்றார். பட்டறையில் மற்ற எல்லாப் பாகங்களையும் பெட்ரோலில் கழுவுகிறவர், பிரேக் பாகங்களுக்கு மட்டும் தனித் தட்டு வைத்துப் புது பிரேக் ஆயிலாலேயே துடைத்தார். பிஸ்டன்களை நகத்தால் வருடிப் பார்த்தார். வளையம் தொடும் பகுதியில் நகம் எங்கும் தட்டவில்லை. முலாம் நன்றாக இருக்கிறது, மாற்ற வேண்டாம்.

"கிட் வாங்கி வா. கரோல் பாக். சஸ்தா வேண்டாம்" என்று அனுப்பினார். சஸ்தா என்றால் மலிவு. எது மலிவு, எது நல்லது என்று எப்படி அறிவது என்பதை அவர் சொல்லவில்லை.

கரோல் பாகின் நாய்வாலா தெரு மோட்டார் சைக்கிள்களின் உலகம். சைலென்சர்கள், கைப்பிடிகள், இருக்கைகள், வண்ண வண்ண விளக்குகள் என்று கண்ணைப் பறிக்கும் பொருள்கள் முன்வரிசையில் தொங்கும். ரப்பர் வளையம் கேட்டு வருகிறவர் உள்ளே, இன்னும் உள்ளே போக வேண்டும். முதல் மூன்று கடைகளில் இல்லை என்றார்கள். நான்காவது கடையில் காலிப்பர் முழுவதும் இருக்கிறது, அசலைவிடப் பாதி விலை என்றார்கள். ஐந்தாவது கடையில் எந்த அச்சும் இல்லாத சிறு பாக்கெட் ஒன்றை நாற்பது ரூபாய்க்கு நீட்டினார்கள். எந்த வண்டிக்கு என்று கேட்டதற்கு, எல்லா வண்டிக்கும் என்று பதில் வந்தது. அதையும் அவர் வாங்கிக்கொண்டார்.

ஆறாவது கடை படியேறிச் செல்லும் ஒரு குறுகிய அறை. கடைக்காரர் வண்டியின் பெயரைக் கேட்கவில்லை. "பிஸ்டன் எவ்வளவு, பாயி சாப்?" என்றார். ஆய்வு மாணவர், இயற்பியல் துறை நண்பரிடம் இரவல் வாங்கிய வெர்னியரால் அளந்து எழுதிவைத்திருந்தார்: 25.4 மில்லிமீட்டர். கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு நீளக் குறிப்பேட்டை எடுத்தார். ஓரங்கள் கறுத்து, அட்டை இருமுறை மாற்றித் தைக்கப்பட்ட குறிப்பேடு. அதில் வண்டிகளின் பெயரால் பக்கங்கள் பிரிக்கப்படவில்லை. பிஸ்டன் அளவால் பிரிக்கப்பட்டிருந்தன. 25.4 என்ற தலைப்பின் கீழ் ஒன்றோடொன்று போட்டியிடும் நிறுவனங்களின் வண்டிகள் அடுத்தடுத்து அமர்ந்திருந்தன. அந்த எண் சரியாக ஓர் அங்குலம் என்பதும் அப்போதுதான் ஆய்வு மாணவருக்கு உறைத்தது.

வண்டி நிறுவனங்கள் பல. அவற்றுக்குக் காலிப்பர் செய்து தருபவர்கள் சிலரே. ஒரே பிஸ்டனும் ஒரே வளையமும் வேறு வேறு பெயர்களைத் தாங்கிய வண்டிகளில் ஓடுகின்றன. ஒரு நிறுவனத்தின் பட்டியல் சீலுக்கு எண் தராமல் விட்டாலும், இன்னொரு நிறுவனத்தின் பட்டியல் அதே சீலுக்கு எண் தந்திருக்கக்கூடும். இரண்டு பட்டியல்களையும் ஒருசேரப் பார்ப்பவருக்கே இது தெரியும். கடைக்காரர் அப்படித்தான் வேறொரு வண்டியின் பெயர் அச்சிட்ட கிட் ஒன்றை எடுத்துத் தந்தார். அதில் பிஸ்டனுக்கு இரண்டு வீதம் நான்கு வளையங்கள்: ஆயிலைத் தடுக்கும் தடித்த சதுர வளையம், வெளிப்புழுதியைத் தடுக்கும் மெல்லிய வளையம். விலை 180 ரூபாய். "அகலத்தையும் தடிமனையும் பழையதோடு ஒப்பிடாதீர்கள், பழையது ஊதியிருக்கும். பள்ளத்தை அளந்து பாருங்கள்" என்றார்.

அந்தக் குறிப்பேட்டைப் படமெடுத்துக்கொள்ளலாமா என்று மாணவர் கேட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ரயில்வே பட்டறைகளில் தொழிலாளர் திறன் எவ்வாறு பதிவாயிற்று என்பதே அவருடைய ஆய்வேட்டுப் பொருள். 1862-இல் தொடங்கிய ஜமால்பூர் பட்டறை 1899-இல் தானே ஒரு ரயில் எஞ்சினைக் கட்டி முடித்தது. எஞ்சினுக்குப் பெயர் உண்டு, லேடி கர்சன். பொருத்தியவர்களின் பெயர்களைத் தேடி ஐந்தாண்டுகளாக அவர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே மறுத்தார். "படம் எடுத்தால் நாளைக்கு இணையத்தில் வரும். நாளை மறுநாள் என்னிடம் யார் வருவார்கள்? உங்கள் புத்தகத்தில் உங்கள் பெயர் இருக்கும். இதில் என் தந்தை எழுதிய பக்கங்கள் இருக்கின்றன. அவர் பெயர்கூட இல்லை."

கோபால் குரு 2002-இல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் எழுதிய கட்டுரையை, இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு பேசுவோர் ஒருபுறமும் தரவு தருவோர் மறுபுறமுமாகச் சாதியடுக்குப்போல் பிரிந்து நிற்பதைப் பற்றிய அந்தக் கட்டுரையை, அவர் மூன்று கருத்தரங்குகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார். கரோல் பாகின் படிகளில் இறங்கும்போது அது அவருக்கு நினைவுக்கு வந்ததா என்பதை அவரே பின்னர் உறுதியாகச் சொல்லவில்லை. கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்தது மட்டும் நினைவிருக்கிறது.

கையில் இப்போது இரண்டு பாக்கெட்டுகள்: நாற்பது ரூபாய், நூற்றெண்பது ரூபாய். வளையங்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. இரண்டும் கறுப்பு, இரண்டும் சதுரம், அளவும் ஒன்றே. வேறுபாட்டை அறிய அவர் ஒரு சோதனை வைத்தார். விடுதி அறையின் சன்னலில் இரண்டு கண்ணாடித் தேநீர்க் குவளைகள். இரண்டிலும் புது பிரேக் ஆயில். ஒன்றில் மலிவான வளையம். மற்றதில் விலை கூடியது. காற்றின் ஈரம் புகாதபடி மேலே பிளாஸ்டிக் தாள் கட்டி, போடும் முன் அளந்து, ஏழு நாள் காத்திருந்தார். வண்டி உஸ்தாதின் படிக்கட்டடியில் பிரிந்து கிடந்தது. நண்பர்கள் ஆய்வேட்டின் ஆறாம் இயலை ஏழு நாள் இப்படிக் கவனித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார்கள்.

எட்டாம் நாள் காலை, விலை கூடிய வளையத்தில் வெர்னியர் கண்டறியும் அளவுக்கு மாற்றம் எதுவும் இல்லை. நாற்பது ரூபாய் வளையம் 3.0 மில்லிமீட்டர் அகலத்திலிருந்து 3.2 ஆகியிருந்தது, விரலால் அழுத்தினால் பிசுபிசுத்தது. அது காலிப்பருக்குள் இருந்திருந்தால் முதல் சில நாள்கள் பிரேக் மிக நன்றாக வேலை செய்திருக்கும். பிறகு, வேறொரு மேம்பாலத்தின் இறக்கத்தில், பழைய கதை. இம்முறை யாரும் கிரீஸ் போட்டிருக்க மாட்டார்கள். ஆகவே யாருக்கும் காரணம் புரிந்திருக்காது.

குவளையில் ஊறிய வளையத்தை ஒதுக்கிவிட்டு, அவர் அதே கடையில் இன்னொரு கிட் வாங்கிவந்தார். அதை உஸ்தாத் பொருத்தினார். வளையங்களைப் பிரேக் ஆயிலில் தோய்த்து, கருவி எதுவுமின்றி விரலாலேயே பள்ளத்தில் அமர்த்தி, முறுக்கு விழாமல் சுற்றிலும் வருடினார். பிஸ்டனை இரு கட்டைவிரல்களால் நேராக அழுத்தினார். அது ஒரு பெருமூச்சுபோல் உள்ளே இறங்கியது. சாய்ந்தால் அழுத்தக் கூடாது, எடுத்து மறுபடி வை என்று தம்மிடம் வேலை பழகும் சிறுவனுக்குச் சொன்னார். பின்களுக்கு இம்முறை சிலிக்கான் கிரீஸ், அதுவும் மெல்லிய பூச்சாக. ஹோஸைப் புது வாஷர்களோடு மாட்டி, டாட் 4 நிரப்பி, காற்று எடுக்கும் வேலை தொடங்கியது. சிறுவன் லீவரை அழுத்திப் பிடிக்க, உஸ்தாத் நிப்பிளைத் திறந்து மூட, குழாயில் குமிழிகள் வந்துகொண்டே இருந்தன, பிறகு அருகின, பிறகு நின்றன. பெட்ரோல் டாங்கின்மீது சிந்திய ஒரு துளியை உடனே தண்ணீரால் கழுவினார். அது பெயின்டைத் தின்னும். பள்ளம் சுரண்டியது உட்பட எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர் கேட்ட கூலி 350 ரூபாய். மாணவர் 500 கொடுத்தார். உஸ்தாத் மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஊதிய வளையத்தை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு மாணவர் மீண்டும் ஒருமுறை கரோல் பாக் சென்றார். ஐந்தாவது கடையில் அதைக் காட்டியபோது, கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், நாங்கள் விற்கிறோம் என்றார்கள். பாக்கெட்டுகள் அதே கொக்கியில் தொங்கின. ஆறாவது கடைக்காரர் மட்டும் வளையத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எத்தனை நாள், எந்த ஆயில், எவ்வளவு ஊதிற்று என்று கேட்டார். குறிப்பேட்டில் 25.4 பக்கத்தின் ஓரத்தில் இந்தியில் எழுதினார்: ஏழு நாள், டாட் 4, 3.0, 3.2. எழுதி முடித்து மூடிவைத்தார். எவர் அளந்தது என்று அதில் எழுதவில்லை. மாணவரும் கேட்கவில்லை.

செப்டம்பரில், அவர் தனியாகப் பத்து நாள் ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொரு முறை நிறுத்தியதும் டிஸ்க்கின் அருகே கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. மைய நிறுத்தியில் நிறுத்தி முன்பக்கத்தைத் தூக்கினால், ஒரு விரல் தள்ளலுக்குச் சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றியது. ஆயில் மட்டத்தைக் கிண்ணத்தின் வெளியே பேனாவால் குறித்துவைத்தார், கோடு இறங்கவில்லை. பதினோராம் நாள் இளைய மாணவியிடம் வண்டி சரியாகிவிட்டதாகச் சொன்னார். கிரீஸ் போட்டது தான்தான் என்பதையும் சொன்னார். அதைச் சொல்லாமல் அழைப்பது முறையாகப் படவில்லை. அவர் சற்று நேரம் யோசித்தார். "அப்போ அந்தத் தேநீர் அதுக்குத்தானா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை இருவரும் மோதி பாக் வழியாகவே சென்றனர். இறக்கத்தில் வண்டி தானாக உருண்டது. ஜன்பத்தில் காப்பகத்தின் வாசலில் இறங்கியதும், மாணவி தண்ணீர்ப் புட்டியைத் திறந்து விரல் நுனியை நனைத்து, டிஸ்க்கின்மேல் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். அது சீறவில்லை, வழிந்து கீழே விழுந்தது. கோரிக்கைச் சீட்டுக் கொடுக்கும் நேரம் முடிவதற்குள் இருவரும் உள்ளே விரைந்தனர்.